பச்சை நூலே இல்லாத பச்சைச் சால்வை: ஒரு நாவலிலிருந்து பின்னல் வடிவமைத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கை மலையகத்தின் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் பின்னல் வகுப்பு நடத்துகிறேன். மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு தொடங்கிய வகுப்பு இது. பிள்ளைக் காம்பராவை (தொழிலாளரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம்) ஒட்டிய அறையை அன்று மட்டும் எங்களுக்குத் திறந்து தருவார்கள். ஒன்பது பத்துப் பேர் வருவார்கள். இரண்டு பேர் கொழுந்து பறிப்பவர்கள், மற்றவர்கள் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள். குழந்தைத் தொப்பி, காலுறை, கையில்லாத ஸ்வெட்டர், இவ்வளவுதான் வழக்கமாகப் பின்னுவது. தென்மேல் பருவமழை நேராக வந்து விழும் பக்கம் எங்களுடையது. மே மாதம் பிடித்த ஈரம் செப்டம்பர் வரை விடாது. பின்னியது எதுவும் வீண் போவதில்லை.

இந்த ஆய்வில் வரும் மாணவிக்கு அப்போது 23 வயது. உயர்தரம் முடித்தவர். அவருடைய அம்மாவும் என் வகுப்புக்கு வருபவர்தான், கொழுந்து பறிக்கிறார். அப்பாயியும் (அப்பாவின் அம்மா) அதே லயத்து வீட்டில் (லயம் என்பது தொழிலாளரின் வரிசை வீடுகள்) இருக்கிறார். மூவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள்.

நகரத்து வாசகர் வட்டம் ஒன்று கண்காட்சி வைத்தது. மலையகத்தைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் படித்து, அதிலிருந்து கையால் ஒரு பொருள் செய்து கொண்டுவர வேண்டும். ஐந்து மாத அவகாசம். மாணவி எடுத்தது கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'. 1964இல் வந்த நாவல். தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்களின் கதை, அதிலும் பெண்களின் கதை. புத்தகத்தை நானும் மறுபடி எடுத்துப் படித்தேன்.

முதல் இரண்டு யோசனைகள்

முதல் வாரமே கட்டத்தாளில் படம் வரைந்து கொண்டுவந்தார். நெஞ்சைச் சுற்றி இரண்டு இலையும் ஒரு மொட்டும், முதுகில் கொழுந்துக் கூடை, அடியில் ரயில் பாதை. வரைந்த விதம் அழகு. கண்ணிக் கணக்குக்கூடச் சரியாக இருந்தது (ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் நாங்கள் கண்ணி என்போம்).

ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. "புத்தகத்தைப் படிக்காத ஒருத்தரும் இதையேதானே வரைஞ்சிருப்பார்?" என்று கேட்டேன். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எல்லாத் தேயிலைப் பக்கெட்டிலும் இருக்கிறது. மாணவி கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த வாரம் அந்தத் தாளைக் கொண்டுவரவில்லை.

இரண்டாவது யோசனை கனமானது. அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருக்கு, எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்று காட்டும் தகர வில்லை கொடுப்பார்கள். அதைச் சால்வையின் கழுத்துப் பக்கத்தில் வட்டமாகப் பின்னலாம் என்றார். வரலாற்றில் பிழையில்லை, வடிவமும் கண்ணுக்கு எடுப்பாக இருந்திருக்கும். அம்மாதான் மறுத்தார்.

"கழுத்துல மட்டும் வேணாம் டீச்சர். படமா மாட்டி வைங்க, பார்க்கிறேன். போட்டுக்கச் சொன்னா என்னால ஏலாது."

அந்த யோசனையை விட்டோம். பின்னல் ஓர் ஆளின் உடம்பில் ஏறப் போகிற பொருள். போட்டுக்கொள்ளும் மனம் அதற்கு வேண்டும். அம்மா சொன்னதற்கு மேல் அங்கே பேச எதுவும் இல்லை.

தலைப்பிலிருந்து கிடைத்த வழி

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதன் தலைப்பை மட்டும் கொப்பியில் எழுதச் சொன்னேன். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. நாம் எல்லோரும் வாயில் வைத்திருக்கும் பழமொழி. தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாம் பச்சை, கிட்டப் போனால்தான் தெரியும். பதினைந்து நிமிடம் இருக்கும், ஊசியில் இருந்ததைப் பின்னிக்கொண்டே மாணவி கேட்டார்:

"டீச்சர், பச்சை நூலே போடாம பச்சையாக் காட்ட ஏலுமா?"

இந்த வேலை முழுக்க அந்த ஒரு கேள்விதான். தூரத்தில் நிற்பவருக்குப் பச்சையாகத் தெரிந்து, கிட்ட வர வர அந்தப் பச்சை காணாமல் போகிற ஒரு சால்வை. நாவலின் காட்சி எதையும் வரையத் தேவையில்லை, அதன் வரிகளை எடுத்துப் பின்னவும் தேவையில்லை. தலைப்பு சொல்வதை நூலே செய்துவிடும். அன்றே முடிவெடுத்தோம். ஸ்வெட்டர் வேண்டாம் என்பதும் அன்றே முடிவானது. உடம்பின் வளைவு இல்லாத சமதளத்தில்தான் நிறம் ஒன்றாகக் கலந்து தெரியும். அப்புறம், அகலமான சால்வையைத் தலையிலும் போடலாம்.

முதல் மாதிரி: காக்கி

மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை என்று முதலாம் வகுப்பிலிருந்தே படித்திருக்கிறோம். நகரத்தில் ஊல் (பின்னல் நூல்) விற்கும் கடையில் நல்ல தங்க மஞ்சளும் கருநீலமும் வாங்கினோம். ஒரு கண்ணி மஞ்சள், ஒரு கண்ணி நீலம் என்று பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் மாதிரித் துண்டு பின்னி, லயத்து இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணை) துணி காயப்போடும் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். மாணவி முற்றத்தில் பின்னால் நடந்துகொண்டே அடிகளை எண்ணினார். பதினைந்து அடி வைத்த பிறகும் புள்ளி புள்ளியாகவே தெரிந்தது. கோயில் மேட்டில் ஏறி நின்று பார்த்தபோதுதான் இரண்டும் கலந்தன. கலந்து வந்தது பச்சை இல்லை. சாம்பலும் மண்ணும் சேர்ந்தது மாதிரி ஒரு நிறம்.

அப்பாயி வாசலில் இருந்தபடியே சொன்னார்: "இது கணக்கப்பிள்ளை காற்சட்டைக் கலரு."

காக்கி. சரியாகத்தான் சொன்னார்.

ஏன் இப்படி ஆனது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இரண்டு நிறங்களில் பின்னுகிற யாருக்கும் இது உதவும். சாயத்தைக் கரைத்துக் கலக்கும்போது ஒவ்வொரு சாயமும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்குகிறது. மஞ்சளும் நீலமும் இரண்டுமே விழுங்காமல் விடுவது பச்சையை. அதனால் பச்சை கிடைக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் நூல்களில் அது நடப்பதில்லை. ஒவ்வொரு நூலும் தன் நிறத்தைத் தனியாக அனுப்புகிறது, தூரத்தில் கண் அவற்றுக்குச் சராசரி எடுக்கிறது. தங்க மஞ்சளில் சிவப்பு ஒளி நிறைய, கருநீலத்தில் பச்சை ஒளி கொஞ்சம்தான். இரண்டுக்கும் சராசரி எடுத்தால் காக்கிதான் வரும். பச்சை வேண்டுமென்றால் இரண்டு நூலிலும் முன்கூட்டியே பச்சையின் சாயல் கொஞ்சம் ஒளிந்திருக்க வேண்டும்: எலுமிச்சைப் பக்கம் சாய்ந்த மஞ்சள், மயில் கழுத்துப் பக்கம் சாய்ந்த நீலம்.

இரண்டாவது தடை வெளிச்ச அளவு. ஒன்று மிக வெளுப்பாகவும் மற்றது மிக இருட்டாகவும் இருந்தால் எவ்வளவு தள்ளிப் போனாலும் புள்ளிகள் விடாது. நிற வித்தியாசத்தைவிட இருட்டு வெளிச்ச வித்தியாசத்தைத்தான் நம் கண் கூர்மையாகப் பிரித்துப் பார்க்கிறது. இதைச் சோதிக்க மாணவி கண்டுபிடித்த வழி எளிமையானது. கடையில் நூல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கைபேசியில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அவை சேரும். எலுமிச்சை மஞ்சள் இதில் தோற்றது, மிகவும் வெளுப்பு. அதைவிட ஒரு படி இறங்கிய, கடுகு நிறத்துக்குப் போகாத ஒரு மஞ்சள் தேர்வானது. கடையின் மின்குமிழ் வெளிச்சத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் வாசலுக்குக் கொண்டுவந்து பகலில் பார்த்தோம். கடைக்காரர் பொறுமையானவர், மூன்று தடவை போனோம்.

புதிய மாதிரித் துண்டு எட்டாவது அடியில் பச்சையானது. ஏழாவது அடியில் சந்தேகம். ஐந்தாவது அடியில் மஞ்சளும் நீலமும். அன்று கொஞ்சம் பனி இறங்கியிருந்தது, அதுவும் உதவியிருக்கும்.

எந்தப் பின்னல், ஏன் மூன்றாவது நிறம்

இரண்டு நூலையும் கூடவே கொண்டுபோய் மாற்றி மாற்றிப் பின்னினால் உள்பக்கத்தில் நூல் ஓடிக்கொண்டே வரும். வளையல் மாட்டும், துணியின் இழுபடும் தன்மையும் குறையும். அதனால் லினன் பின்னலுக்கு மாறினோம். ஒரு கண்ணியைப் பின்னுவது, அடுத்ததைப் பின்னாமல் நூலை அதன் முன்னால் போட்டபடி மற்ற ஊசிக்கு மாற்றுவது. வரிசைக்கு ஒரு நிறம் மட்டும் கையில் இருந்தால் போதும். மாற்றிவிட்ட கண்ணிகளின் மேல் அடுத்த நிறம் சிறு கோடாகக் கிடக்கும். தூரத்தில் பார்த்தால் நெய்த துணி மாதிரி இருக்கும், நிறங்கள் மிக நுணுக்கமாகக் கலக்கும். குறை ஒன்று: பின்னல் இறுகிவிடும். வழக்கமான 4 மில்லிமீட்டர் ஊசியை விட்டு 5 மில்லிமீட்டருக்குப் போனோம். அப்போதும் பத்து சென்டிமீட்டருக்கு 24 கண்ணி, 40 வரிசை வந்தது.

இங்கே எதிர்பாராத ஒரு சிக்கல். நேரான இரண்டு ஊசியில், இரண்டு நிறத்தை வரிசைக்கு ஒன்றாக மாற்ற முடியாது. ஒரு வரிசை முடியும் பக்கத்தில் அடுத்த நிறம் இருக்காது, அது எதிர்ப்பக்கத்தில் காத்திருக்கும். மூன்று நிறம் என்றால் தானாகவே சரியாகிவிடும், வேண்டிய நூல் வேண்டிய ஓரத்தில் நிற்கும். வட்ட ஊசி இருந்தால் இரண்டு நிறத்திலும் செய்யலாம், ஆனால் அது எங்களிடம் இல்லை.

மூன்றாவது நிறம் எது? சிவப்பு மண் நிறம் வேண்டுமென்று மாணவிக்கு ஆசை. பின்னிப் பார்த்தோம், பச்சை செத்துப்போனது. கறுப்பு, இருட்டுப் புள்ளியாகத் தனித்து நின்றது. கடைசியில் மற்ற இரண்டின் அதே வெளிச்ச அளவில் ஒரு சாம்பல். அது பச்சையைக் கெடுக்கவில்லை, மங்கலாக்கியது. முன்பு துணிக்கடைப் பச்சை மாதிரி இருந்தது, இப்போது மழை நாளில் எதிர் மலை எப்படித் தெரியுமோ அப்படி வந்தது. ஊசி இல்லாத குறையால் வந்த சாம்பல்தான் சால்வைக்கு எங்கள் ஊரைக் கொண்டுவந்தது என்று நினைக்கிறேன்.

அப்பாயி சொன்னதால் மாறியவை

மாதிரித் துண்டு பெரிதானபோது அப்பாயி அதை எடுத்துத் தலையில் போட்டுப் பார்த்தார். ஒரு மூலையை உள்ளே மடித்து, மழைக்குத் தலையில் மாட்டும் கொங்காணி மாதிரி. அந்தக் காலத்தில் மழைக்குக் கறுப்புக் கம்பளிதான், இடுப்பில் படங்கு (முரட்டுத் துணி), தலையில் கம்பளி என்றார். கம்பளிக்கும் சம்பளத்தில் காசு பிடிப்பார்களாம். நனைந்தால் கழுத்து இற்றுப்போகிற கனமாம். அதைக் கேட்ட பிறகு கரைக்குக் கறுப்பு என்று மாணவி முடிவெடுத்தார். கலக்காமல் தனியாக நிற்கிற நிறம் வேண்டிய ஒரே இடம் கரைதான்.

பெரிய மாற்றம் அதற்குப் பிறகு வந்தது. சால்வையை ஒரு முனையில் அடர்ந்த பச்சையாகத் தொடங்கி, மறுமுனையில் வெறும் சாம்பலாக முடிப்பதுதான் மாணவியின் திட்டம். ஆசையோடு புறப்பட்டது ஒரு முனை, வந்து சேர்ந்தது மறுமுனை. அதற்கு நூல் கணக்குக்கூடப் போட்டாகிவிட்டது. அதை அப்பாயிக்கு விளக்கிச் சொன்னார்.

நாவல் வந்த அதே 1964இல், ஒக்டோபர் 30ஆம் திகதி, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1948இல் குடியுரிமை பறிபோன மக்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுப்பதாகப் பேச்சு. மிஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974இல்தான் முடிவானது. அப்பாயியின் அக்கா குடும்பம் அந்தக் கணக்கில் போனது. தலைமன்னாரில் கப்பல் ஏறிக் கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள்.

"அக்கா போறப்ப அந்தப் பக்கந்தான் பச்சையாத் தெரிஞ்சது. போய் எழுதின முதல் கடுதாசியில இங்க இருந்த பச்சையைப் பத்தித்தான் எழுதியிருந்துச்சு," என்றார் அப்பாயி.

அன்று இரவே மாணவி கணக்கை மாற்றினார். எந்த முனையிலிருந்து பார்த்தாலும் ஒன்றுபோல, தலை வால் இல்லாத சால்வை. வடிவமைப்பில் எடுத்த எல்லா முடிவுகளிலும் எனக்கு மிகப் பிடித்தது இது. நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

இறுதி அளவு: 60 சென்டிமீட்டர் அகலம், 160 சென்டிமீட்டர் நீளம், ஏறத்தாழ 640 வரிசை.

இஸ்திரிப் பெட்டி

34 சென்டிமீட்டர் முடிந்திருந்தது. கீழ் ஓரம் சுருண்டுகொண்டே இருந்ததால் மாணவி ஓர் இரவு சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்திவிட்டார். ஆட்டு ரோம நூல் என்றால் ஈரத்துணி போட்டு ஆவி காட்டலாம். எங்கள் கடைகளில் ஊல் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்ற செயற்கை நூல். சூடு பட்டால் அது இளகி, துள்ளல் போய், பளபளவென்று தொங்கும். பிறகு எதைச் செய்தாலும் திரும்பாது.

இது என் பிழை. லேபலைப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. சனிக்கிழமை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டு வழி இருந்தது. கெட்ட பகுதியைக் கரைக்குள் மறைத்துத் தைத்துவிட்டுத் தொடர்வது, அல்லது பிரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. பிரித்தோம். சூடு பட்ட இடமும் படாத இடமும் தூரத்தில் வேறு வேறு பச்சையாகத் தெரிந்தது, அதை மறைக்க முடியாது. இஸ்தோப்பில் மூன்று பேர் உட்கார்ந்தோம், ஆளுக்கு ஒரு நிறம். லினன் பின்னலைப் பிரிக்கும்போது மூன்று நூலும் முறை வைத்து வரும்: மஞ்சள் கொஞ்சம் ஓடும், நிற்கும், சாம்பல் ஓடும், நிற்கும், நீலம். அம்மா மஞ்சளைச் சுற்றினார், நான் சாம்பல். சூடு படாத 20 சென்டிமீட்டரின் நூல் மீண்டது.

புதிய தொடக்கத்தில், சுருளாமல் இருக்கக் கரையை இரண்டு பக்கமும் நிட் (நேர்ப் பின்னல்) வரிசைகளாகவே, சிறிய ஊசியில், ஆறு சென்டிமீட்டர் அகலத்துக்குப் போட்டோம். சுருளல் நின்றது. நடுவில் மஞ்சள் தீர்ந்து, அதே இலக்கத்தில் வாங்கிய புதிய உருண்டை வேறு சாயத்தில் வந்தது. பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டதில் தெரியவில்லை.

கண்காட்சியில் நடந்தது

குறித்த நாளுக்கு நான்கு நாள் முன்னதாகச் சால்வை முடிந்தது. கோயில் மேட்டிலிருந்து பார்த்தோம். பச்சை.

கண்காட்சி அறையோ நீளவாக்கில் சிறியது. சால்வையைச் சுவரில் மாட்டினார்கள், எதிரே மேசை. பார்ப்பவர் நான்கு அடிக்கு மேல் பின்னால் போக இடமில்லை. அதற்கு மேல் குழல் விளக்கு. பக்கத்தில் இருந்த அட்டையில் பச்சை என்று எழுதியிருந்தது, வந்தவர்கள் மஞ்சளையும் நீலத்தையும் சாம்பலையும் பார்த்தார்கள். நன்றாகப் பின்னியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நடுவர்களும் அன்றைக்கே பார்த்துவிட்டார்கள். பரிசு வேறொரு பொருளுக்குப் போனது. அவர்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது சரியான தீர்ப்பு.

இரண்டாம் நாள் காலை, முற்றத்தின் மறுகோடியில் இருந்த சைக்கிள் கொட்டகையில் மாட்டித் தரும்படி கேட்டோம். ஒப்புக்கொண்டார்கள். கேட்டிலிருந்து கொட்டகைக்கு முப்பது அடி இருக்கும். உள்ளே வந்தவர்கள் பச்சையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள், பாதிக்கு மேல் வந்ததும் நடை தளர்ந்தது. வயதான ஒருவர் கிட்டே வந்தார், திரும்பிப் பின்னால் போனார், மறுபடி வந்தார். மூன்று தடவை. பிறகு சால்வையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாமா என்று மாணவியிடம் கேட்டார். திருப்பிக் காட்டினார். அங்கேயும் பச்சை இல்லை. அவர் எதுவும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அப்புறம் புத்தகத்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மறுபடி செய்தால் மாற்றுவது

முதலில், எங்கே மாட்டப் போகிறோம் என்பதை வடிவமைப்போடு சேர்த்தே பார்ப்பேன். ஒவ்வொரு மாதிரித் துண்டையும் அடி எண்ணிச் சோதித்த நாங்கள், அந்த அறையை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. ஐந்து மாத வேலையில் இதுதான் பெரிய ஓட்டை. முற்றம் கிடைக்காது என்று தெரிந்திருந்தால் மெல்லிய நூலும் சிறிய ஊசியும் எடுத்திருப்போம், கண்ணி சிறுத்தால் நிறங்கள் கிட்டத்திலேயே கலந்துவிடும்.

வகுப்பில் இப்போது எந்த நூலிலும் முதல் மாதிரித் துண்டு கெடுப்பதற்கென்றே பின்னப்படுகிறது. கழுவுகிறோம், இஸ்திரி வைக்கிறோம், இழுக்கிறோம். என்ன ஆகிறது என்று கொப்பியில் ஒட்டி வைக்கிறோம்.

மூன்று நிறத்துக்கும் வேண்டிய நூலை ஒரே தடவையில் வாங்க வேண்டும். அதற்குக் காசு ஒரே தடவையில் வேண்டும், அது எல்லா வீட்டிலும் நடக்காது. இதற்கு எனக்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை. வகுப்புக்குப் பொதுவாக ஒரு நூல் பெட்டி தொடங்கியிருக்கிறோம்.

வீட்டாரை, அதிலும் வயதானவர்களை, தொடக்கத்திலேயே கூட்டி வைத்துப் பேசுவேன். கரையின் கறுப்பும் முனைகளின் கணக்கும் அப்பாயி தற்செயலாக இஸ்தோப்பில் இருந்ததால் வந்தவை.

சால்வையை இப்போது அம்மா போட்டுக்கொள்கிறார். கொழுந்து நிறுத்துவிட்டு அந்திக்குத் திரும்பும்போது, மேட்டு வளைவில் அவர் வருவது லயத்திலிருந்து தெரிவதில்லை என்று மாணவி சொன்னார். தேயிலையோடு தேயிலையாகக் கலந்துவிடுகிறாராம். கோயிலைத் தாண்டி இறங்கும்போதுதான் முதலில் கறுப்புக் கரை தெரியும், பிறகு மஞ்சள்.